கையைக் கடிக்காத துப்பாக்கிப் பராமரிப்பும் குறிப்பயிற்சியும்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்களின் பணம் பெரும்பாலும் சுடுவதில் செலவாவதில்லை. பளபளப்பான பெட்டியில் வரும் துப்புரவுத் தொகுப்பு, நாலைந்து வகை எண்ணெய்க் குப்பிகள், லேசர் கருவி, விலை உயர்ந்த தாங்கி என்று கடையிலேயே பாதி கரைந்துவிடுகிறது. தோட்டா வாங்கப் பணம் இருப்பதில்லை. தொடக்க நிலையில் தேவைப்படுவதில் பெரும்பகுதி வீட்டிலேயே கிடக்கிறது, அல்லது வீட்டில் கிடப்பதைக் கொண்டு செய்துகொள்ளலாம். சில பொருள்களில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே பேசுவது உரிமம் உள்ள ரைபிள், பிஸ்டல், ஏர் ரைபிள் ஆகியவற்றைப் பற்றி. உங்கள் நாட்டுச் சட்டம், சுடுதளத்தின் விதி, துப்பாக்கியோடு வந்த கையேடு ஆகிய மூன்றும் இந்தக் கட்டுரையைவிட மேலானவை. கையேடு தொலைந்திருந்தால், அநேகமாக எல்லாத் தயாரிப்பாளர்களின் தளங்களிலும் இலவசமாகவே கிடைக்கும்.

தொடுவதற்கு முன்

துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். குழலின் வாய் பாதுகாப்பான திசையை நோக்கட்டும். விரல் விசைக்காப்புக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வெளியே இருக்கட்டும். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) கழற்றுங்கள், அதன் பிறகே போல்ட்டையோ ஸ்லைடையோ (ரைபிளிலும் பிஸ்டலிலும் பின்பக்கத்தை மூடித் திறக்கும் பாகம்) இழுத்து அறையை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, காலி செய்யுங்கள். இந்த வரிசை மாறினால் ஆபத்து: மேகசின் உள்ளேயே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். வெளியே விழுந்த தோட்டாவைப் பார்த்து 'காலியாகிவிட்டது' என்று நம்புகிறவர் கையில் இருப்பது குண்டு நிரம்பிய துப்பாக்கி. கண்ணால் அறைக்குள் பாருங்கள், சுண்டுவிரல் நுழையுமானால் தடவியும் பாருங்கள்.

முதலில் செய்துகொள்ள வேண்டிய கருவி இந்த இடத்துக்கானதுதான். புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பு தெரியும் அல்லவா, அதில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள் வாங்குங்கள். குழலைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி, அறைப் பக்கமாக நுழைத்து, வாய்ப் பக்கம் வெளியே தெரியும்படி விடுங்கள். இரு முனையிலும் நரம்பு தெரிந்தால் அறையில் தோட்டா இல்லை, குழலில் அடைப்பும் இல்லை. தூரத்தில் நிற்பவரும் பார்த்ததும் புரிந்துகொள்வார். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் பளிச்சென்ற நிறத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு அடையாளம் கட்டாயம். ஏர் ரைபிளுக்கு அது குழலின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும்.

துப்புரவுக்கு என்ன வேண்டும்

பழைய பருத்திப் பனியன் ஒன்று, உபயோகித்துத் தள்ளிய பல் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், பல் குத்தும் குச்சிகள். இவை போதும், பாதி வேலை முடிந்துவிடும். பனியனைக் குழலின் உட்புற அளவுக்கு ஏற்றபடி சதுரமாக வெட்டுங்கள். துணி லேசான அழுத்தத்தோடு நுழைய வேண்டும். குத்தித் தள்ள வேண்டியிருந்தால் துணி பெரிது. நைலான் கலந்த துணி எண்ணெயை உறிஞ்சாது, பருத்தியே நல்லது.

குழலுக்குள் துணியைத் தள்ளும் கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவான அலுமினியக் கம்பியின் இணைப்புகள் குழலின் உட்சுவரை உரசும். அலுமினியம் மென்மையானது என்பதால் மணல்துகள் அதில் பதிந்துகொண்டு உப்புத்தாள் போல வேலை செய்யும். பூச்சுள்ள ஒற்றைக் கம்பி ஒன்றை வாங்கினால் வாழ்நாளுக்கும் வரும். வாங்க முடியாத வரை, மேலே சொன்ன நைலான் நரம்பையே இழுகயிறாக்கலாம்: நீளமாக வெட்டி இரண்டாக மடித்து, மடிப்பில் துணியைச் செருகி, இரு முனைகளையும் அறைப் பக்கமிருந்து நுழைத்து வாய்ப் பக்கமாக இழுங்கள். ஏர் ரைபிள்காரர்கள் பலர் வேறெதுவும் வாங்குவதே இல்லை.

அழுக்கு நீக்கும் கரைப்பானை வீட்டில் கலப்பவர்களும் உண்டு. 'எட்ஸ் ரெட்' என்ற பெயரில் சுடுநர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் கலவையில் தானியங்கி கியர் ஆயில், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்), அசிட்டோன் ஆகிய நான்கும் சம அளவு. வெடிமருந்துக் கரியை நன்றாக இளக்கும். ஆனால் அசிட்டோன் மரக்கட்டையின் வார்னிஷையும் சில பிளாஸ்டிக்குகளையும் தின்றுவிடும். அதைச் சேர்க்காமலே கலப்பது புதியவருக்கு நல்லது. நான்குமே தீப்பற்றக் கூடியவை. திறந்த வெளியில் கலந்து, உலோகக் குப்பியில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறை சுடுகிறவருக்கு இந்தக் கலவை வேலையே வேண்டாம். கடையில் விற்கும் சிறிய குப்பி ஒன்று ஆண்டுக்கு வரும்.

குழலைத் துடைக்கும் முறை

ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாத் தோட்டாவும் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் பழைய செய்தித்தாளும் அதன் மேல் வெளிர் நிறத் துணியும் விரியுங்கள். உருண்டோடும் ஸ்பிரிங்கும் பின்னும் வெளிர் நிறத்தில்தான் கண்ணில் படும். பிரிப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம், ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் ஒரு படம். திரும்பப் பூட்டும்போது இதைவிட நல்ல துணை கிடையாது. கையேடு 'சாதாரணப் பிரிப்பு' என்று சொல்லும் எல்லையைத் தாண்டாதீர்கள்.

குழலை முடிந்தவரை அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் துடைக்க வேண்டும். குண்டு குழலை விட்டுக் கடைசியாகப் பிரியும் இடம் வாயின் விளிம்பு. அந்த வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் குண்டுக்குப் பின்னால் வரும் வாயு சமச்சீரின்றிக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். கம்பியை வாய்ப் பக்கமிருந்து அலட்சியமாக விட்டு ஆட்டுகிறவர் சிறுகச் சிறுக அந்த விளிம்பைத்தான் அறுக்கிறார். சில துப்பாக்கிகளில் வேறு வழி இருக்காது. அப்போது கம்பி விளிம்பில் படாதபடி நடுவில் நிறுத்த, துளையிட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்றை வாயில் பொருத்திக்கொள்ளலாம்.

கரைப்பானில் நனைத்த துணியை ஒருமுறை ஓட்டி, பத்து நிமிடம் விடுங்கள். ஊறட்டும். பிறகு வெண்கல பிரஷ் அல்லது நைலான் பிரஷ். பாதி வழியில் திசையைத் திருப்பக் கூடாது, முழுக்க வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். அதன் பின் உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என்று நிறம் இறங்கிவரும். வெளிர் சாம்பல் போதும். பால் போல வெள்ளைத் துணி வரும் வரை தேய்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் குழலுக்குத்தான் தேய்மானம்.

செம்பு நீக்கும் கரைப்பான் பயன்படுத்துகிறவர்களை ஏமாற்றும் ஒரு சங்கதி உண்டு. துணி நீலப்பச்சையாக வந்தால், குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு குழலில் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை துடைத்தாலும் நீலம் போகவில்லையா? கம்பியின் நுனியைப் பாருங்கள். பித்தளையில் செய்ததாக இருந்தால், கரைப்பான் அதைத்தான் கரைத்து நிறம் காட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் நுனியும் நைலான் பிரஷும் போட்டால் குழப்பம் தீரும்.

.22 ரிம்ஃபயர் ரைபிளுக்கு (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டாவைச் சுடுவது) இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். அதன் ஈயக் குண்டு மென்மையானது, மேலே மெழுகோ மசகுப் பூச்சோ இருக்கும். குழலை எப்போதாவது துடைத்தால் போதும். அறையையும் போல்ட்டின் முகத்தையும் பல் பிரஷால் தேய்ப்பதே அதில் முக்கியம். நன்றாகத் துடைத்த பிறகு முதல் சில குண்டுகள் இடம் மாறி விழுந்தால் பதற வேண்டாம், குழலில் பூச்சு படிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பழைய இராணுவக் கையிருப்புத் தோட்டாக்களைச் சுடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் சிறு மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வரவழைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. அன்றைக்கே வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் தடவ வேண்டும். செலவே இல்லாத மருந்து, ஆனால் மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் பலிக்காது.

எண்ணெய்: குறைவே நிறைவு

புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெய் அதிகமாகித்தான். எண்ணெய் வழியும் இடத்தில் கரியும் தூசியும் ஒட்டிக்கொண்டு பசையாகும். குளிரில் கெட்டியாகும். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுடுமுள் ஓடும் துளையில் அது நடந்தால் முள் வேகமிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். உலோகத்தோடு உலோகம் உரசி மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள், அங்கே ஆளுக்கொரு துளி, விரலால் பரப்பிவிடுங்கள். வெளிப்புறத்துக்கு எண்ணெய் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவல். அவ்வளவுதான்.

புதிய செயற்கை இன்ஜின் ஆயில் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும், ஒரு லிட்டர் உங்கள் ஆயுளுக்கும் மிஞ்சும். சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது, காற்றுப்பட்டுப் பிசினாக இறுகிவிடும். டபிள்யூ.டி.-40-ஐ எல்லாவற்றுக்கும் அடிப்பவர்கள் நிறையப் பேர். 1953-இல் நீரை விலக்குவதற்கென்று உருவான திரவம் அது. மழையில் நனைந்த துப்பாக்கியைக் காப்பாற்ற அருமையானது, ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. மசகு எண்ணெய்க்கு அதை மாற்றாக வைக்கக் கூடாது.

சுடப்போகும் முன் உலர்ந்த துணி ஒன்றைக் குழலில் ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள். தூசி போகாமலிருக்கக் குழல் வாயைத் துணியால் அடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். மறந்துபோய்ச் சுட்டால் குழல் வெடிக்கும்.

மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள், தடவிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் வெளியிடும். சுருட்டிய துணியில் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் தட்டையாக விரித்து முழுக்கக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள். வெடிமருந்துக் கரியில் ஈயம் இருக்கும். சாப்பிடும் மேசையில் துப்பாக்கியைத் துடைப்பது எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம்.

வைத்திருக்கும் இடம்

பஞ்சு மெத்தை வைத்த பெட்டி பயணத்துக்கு நல்லது, சேமிப்புக்கு ஆகாது. மெத்தை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலுறையும் அப்படியே, தோலில் தங்கிய அமிலமும் உப்பும் உலோகத்தை அரிக்கும். பூட்டிய அலமாரியில் நிற்கவையுங்கள், மருந்துக் குப்பிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுங்கள். நிறம் மாறும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரம் குடித்துவிட்டதா என்று தெரியும், மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி.

ஏர் ரைபிள் வேறு சாதி

அழுத்தக் காற்றில் இயங்கும் துப்பாக்கியில் பெட்ரோலிய எண்ணெய் போடுவது ஆபத்து. உயர் அழுத்தத்தில் எண்ணெய் ஆவி டீசல் இன்ஜினில் போலத் தானே தீப்பற்றும். ரப்பர் வளையங்களுக்குக் கையேடு சொல்லும் சிலிக்கோன் எண்ணெய் மட்டும். ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளைப் பெல்லட் (அதன் சிறு ஈயக் குண்டு) இல்லாமல் சுடக் கூடாது. பெல்லட்டின் தடைதான் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை. அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய்ச் சிலிண்டர் முனையில் மோதும்.

நீங்களே செய்துகொள்ளும் துணைப்பொருள்கள்

தாங்குமூட்டை: கிழிந்த ஜீன்ஸின் ஒரு கால் போதும். ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடி, நன்றாகக் காய்ந்த மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே தள்ளி, மறுமுனையையும் தையுங்கள். முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் ரைபிள் மேலே உருளும், கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் குழி விழுந்து ரைபிளைப் பிடித்துக்கொள்ளும். சிறிய மூட்டை ஒன்று பின்கட்டைக்கு. அதைக் கையால் பிசைந்தே உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ரைபிளின் மரப்பகுதி மூட்டையில் பட வேண்டும், குழல் படக் கூடாது. குழலைத் தாங்கினால் குண்டு இடம் மாறும்.

பெல்லட் பொறி: ஏர் ரைபிளுக்கு மட்டுமான சமாச்சாரம் இது. கனத்த மரப்பெட்டியின் அடியில் இரும்புத் தகடு வைத்து, முன்னால் பழைய துணிகளை இறுக்கித் திணித்து, முகப்பில் அட்டையும் தாளும் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் அடிபட்டு அடிபட்டுத் துணி நைந்து குழி விழும். அடிக்கடி திறந்து பார்த்து மாற்றி அடுக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், கதவோ வேலியோ அல்ல. இரும்புக் குண்டுகளை இதில் சுடாதீர்கள், கடினமான பரப்பில் பட்டுக் கண்ணை நோக்கித் திரும்பி வரும். தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கு வீட்டுப் பொறி என்ற பேச்சே கிடையாது. அது சுடுதளத்தில் மட்டும்.

கண்ணாடியும் காதடைப்பும் செய்யும் பொருள்கள் அல்ல, வாங்கும் பொருள்கள். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டும். கெட்ட செவி திரும்பாது. நல்ல செய்தி, நுரைக் காதடைப்பான் மலிவானது, சரியாகப் போட்டால் நன்றாகவே காக்கும். விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். விசையை இழுக்கத் தேவையான அழுத்தத்தைக் குறைக்கும் உள்வேலையையும் பாதுகாப்புப் பூட்டையும் தொடாதீர்கள், அவை தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

தோட்டா செலவில்லாத பயிற்சி

தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசை இழுக்கும் வெற்றுப் பயிற்சியை ஒலிம்பிக் வீரர்களும் செய்கிறார்கள். காசில்லாத பயிற்சி என்பதாலேயே மதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கையேட்டில் பாருங்கள். பல .22 ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் வெற்றாகச் சுட்டால் சுடுமுள் அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். அவற்றுக்கு மருந்தே இல்லாத போலித் தோட்டா வாங்கிப் போட வேண்டும்.

தோட்டாக்கள் வேறு அறையில். துப்பாக்கி காலி என்று இருமுறை சரிபார்த்தாயிற்று. எதிரே குண்டு தாங்கும் சுவர், அதன் அப்பால் ஆள் இல்லை. பயிற்சி முடிந்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லி உடனே பூட்டி வையுங்கள். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று தோட்டா போட்டபின் குறிபார்ப்பதில்தான் சுவர்களில் ஓட்டை விழுகிறது.

முதலில் வெறும் வெள்ளைச் சுவரை நோக்குங்கள். இலக்கு வேண்டாம். குழல் வாய்ப் பக்கமுள்ள முன்குறியைக் கூர்மையாகப் பார்த்துக்கொண்டு, அது கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் பள்ளத்தில் அசையாமல் நிற்க, விசையை மெதுவாக நேர்ப்பின்னாக அழுத்துங்கள். முன்குறியில் ஏன் இவ்வளவு அக்கறை? ஒரு கணக்குப் போட்டால் தெரியும். பிஸ்டலின் இரு குறிகளுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஓரமாக நின்றால் 10 மீட்டரில் குண்டு 33 மில்லிமீட்டர் தள்ளி விழும். குறிகள் ஒழுங்காக நிற்க, கை முழுவதுமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டலாம்.

விசை சரியாக வருகிறதா என்று சோதிக்க, தட்டையான முன்குறி மீதோ குழலின் மீதோ ஒரு நாணயத்தை வைத்துச் சுடுங்கள். விழாமல் நின்றால் சரி. விசை விழுந்த பிறகும் ஒரு கணம் குறியிலேயே கண்ணை நிறுத்துங்கள்.

அடுத்து நிலை. கண்ணை மூடிக்கொண்டு குறிபார்க்கும் நிலையில் தளர்வாக நின்று, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பாருங்கள். குறி இலக்குக்கு வலப்பக்கம் நின்றால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பின்கால் பாதத்தை நகர்த்தி உடலையே திருப்புங்கள். கையால் இழுத்தது விசை விழும் நேரத்தில் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

அறையில் 10 மீட்டர் இல்லையென்றால் இலக்கைச் சுருக்குங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், ஏர் பிஸ்டலில் 59.5 மில்லிமீட்டர். 5 மீட்டர் அறைக்கு முறையே 15, 30 மில்லிமீட்டரில் வட்டம் வரைந்தால் கண்ணுக்கு அதே அளவு தெரியும். 3 மீட்டர் என்றால் 9, 18. காம்பஸும் கறுப்புப் பேனாவும் போதும். தரையிலிருந்து வட்டத்தின் மையம் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், போட்டியிலும் அதே உயரம்தான்.

சுடுதளத்தில்

வீட்டில் இப்படிப் பழகிவிட்டுப் போனால் ஒரு பெட்டித் தோட்டா நெடுநேரம் வரும். ஐந்தைந்தாகச் சுடுங்கள், ஐந்தும் ஒரே புள்ளியைப் பார்த்து. இடையில் ஒன்று விலகியது என்று குறியைத் திருகாதீர்கள். ஐந்து ஓட்டைகளின் நடுவை உத்தேசமாகக் கண்டு, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அடி எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்குறியை அந்தப் பக்கமே நகர்த்துங்கள், முன்குறியானால் எதிர்ப்பக்கம். எவ்வளவு நகர்த்துவது? விலகலைக் குறிகளின் இடைவெளியால் பெருக்கி இலக்கின் தூரத்தால் வகுத்தால் வருகிறது. 10 மீட்டரில் 30 மில்லிமீட்டர் விலகல், குறிகளுக்கு இடையே அரை மீட்டர் என்றால் நகர்த்த வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர்.

நகர்த்திய பிறகு இன்னொரு ஐந்து. சரியாக விழுந்ததும் அந்தத் தாளிலேயே தேதி, தூரம், தோட்டாவின் வகை, குறியின் அளவு ஆகியவற்றை எழுதித் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் செருகிவையுங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றும் நாளில் எல்லாம் வேறு இடத்தில் விழும். அப்போது எங்கிருந்து தொடங்குவது என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.